மழை தேர்ந்தெடுக்கும் மரங்கள்: நீலகிரி வீட்டுத் தோட்டத்தில் எது காய்க்கும், எது காய்க்காது?

குன்னூரிலோ கோத்தகிரியிலோ வீடு கட்டி முடித்தவர்கள் பலர் முதலில் வாங்கி நடுவது ஆப்பிள் கன்று. மலை, குளிர், பனி என்றாலே மனம் ஆப்பிளுக்குத்தான் போகிறது. ஐந்தாறு ஆண்டுகளில் அந்த மரம் நெடுநெடுவென்று வளர்ந்து, கிளை நுனியில் மட்டும் நாலு பூப் பூத்து, இலையெல்லாம் கரும்புள்ளி விழுந்து நிற்கும். அதே தெருவில் யாரும் உரம் வைக்காத பேரி மரம் ஆண்டுதோறும் கிளை தாழக் காய்க்கும். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். மண்ணும் மழையும்கூட ஒன்றுதான். பின் ஏன் இந்த வேறுபாடு?

'ஊட்டிக் குளிர் ஆப்பிளுக்குப் போதாது' என்பது வழக்கமான பதில். அது பாதி உண்மை. மறுபாதியை மழையிடம் கேட்க வேண்டும். குளிரும் ஈரமும் சேர்ந்த இடத்தில் பழ மரம் வளர்ப்பவர் குளிரைப் பார்த்து மரத்தைத் தேர்கிறார். தோல்வியோ பெரும்பாலும் ஈரத்தின் வழியாக வருகிறது. ஈரத்தைத் தாங்கும் மரம், அல்லது ஈரமான மாதங்களுக்குத் தப்பிப் பூத்துக் காய்த்துவிடும் மரம், இந்த இரண்டு வகைதான் மலை வீட்டில் நிலைக்கின்றன. நீலகிரியின் அனுபவம், பழனி மலையின் அனுபவம், இதே சிக்கலைச் சந்தித்த வெளிநாட்டுத் தோட்டக்காரர்களின் தீர்வுகள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் இது தெளிவாகிறது.

இருநூறு ஆண்டுச் சோதனை

கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் உதகையில் குடியேறியபோது ஐரோப்பியக் காய்கறிகளையும் பழ மரங்களையும் இங்கே வளர்த்துப் பார்த்தார். 1848இல் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் பொறுப்பில் உதகை தாவரவியல் பூங்கா உருவாகத் தொடங்கியது. 1871இல் பர்லியாறு பழப்பண்ணை அரசின் கைக்கு வந்தது. 1874இல் குன்னூரில் சிம்ஸ் பூங்கா, 1900இல் கல்லாறு பழப்பண்ணை. குன்னூரில் குளிர்ப்பிரதேசப் பழங்களுக்கென்று தனி நிலையமும் அமைந்தது. பழனி மலையில் கொடைக்கானலிலும் அதன் கீழ்ச்சரிவான தடியன்குடிசையிலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள் இயங்குகின்றன.

இந்த வரிசையில் கவனிக்க வேண்டியது உயரம். கல்லாறு மலையடிவாரத்தில் இருக்கிறது. பர்லியாறு அதற்குச் சற்று மேலே. அங்கே மங்குஸ்தானும் துரியனும் காய்க்கின்றன. அதே சாலையில் ஏறினால் 1,850 மீட்டரில் குன்னூர், 2,240 மீட்டரில் உதகை. ஒன்றிரண்டு மணி நேரப் பயணத்தில் மலேசியத் தோட்டத்திலிருந்து ஐரோப்பியத் தோட்டத்துக்குப் போய்விடலாம். ஆகவே 'நீலகிரியில் என்ன வளரும்' என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. உயரம் தெரியாமல் மரத்தைப் பரிந்துரைப்பவரை நம்பக் கூடாது.

இரண்டு நூற்றாண்டுகளில் இங்கே கொண்டுவரப்பட்ட வகைகள் ஏராளம். நிலைத்தவை சில: நாட்டுப் பேரி, கீஃபர் பேரி, பிளம்ஸ், பீச், தாழ்ந்த சரிவுகளில் வெண்ணெய்ப்பழம், வீட்டோரங்களில் மரத்தக்காளி, குன்னூர்ப் பக்கம் பெர்சிமன். ஆப்பிள் கொடைக்கானலில் 'பார்லின்ஸ் பியூட்டி' என்ற தேர்வின் மூலம் ஓரளவு காலூன்றியது. மற்ற இடங்களில் ஆசைக்கு வளர்க்கும் மரமாகவே நின்றுவிட்டது. யாரும் திட்டமிட்டு நடத்தாத நீண்ட சோதனையின் முடிவு இந்தப் பட்டியல். இதைப் படிக்கத் தெரிந்துகொள்வதுதான் வீட்டுத் தோட்டக்காரரின் முதல் வேலை.

பனி விழுந்தும் போதாத குளிர்

ஆப்பிள், பேரி, பிளம்ஸ், பீச் எல்லாம் இலையுதிர் மரங்கள். குளிர்காலத்தில் மொட்டுகள் உறங்கும். போதுமான குளிர் கிடைத்த பிறகே அவை ஒரே சீராக விழிக்கும். இந்தக் குளிரைப் பழைய முறையில் மணிக்கணக்கில் அளப்பார்கள்: 0 முதல் 7.2 டிகிரி செல்சியஸ் வரை எத்தனை மணி நேரம் இருந்தது என்று. வழக்கமான ஆப்பிள் வகைகளுக்கு 800 முதல் 1,200 மணி நேரம் வேண்டும்.

உதகையில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிறது. உதகையை அடுத்த தலைக்குந்தாவில் புல்வெளி வெளுத்துக் கிடக்கிறது. அப்படியிருந்தும் குளிர் ஏன் போதாது? 1974இல் அமெரிக்காவின் யூட்டாவில் உருவான கணக்குமுறை இதற்கு விடை தருகிறது. அதன்படி மொட்டுக்கு முழுப் பயன் தருவது சுமார் 2.5 முதல் 9 டிகிரி வரையிலான குளிர். 1.4 டிகிரிக்குக் கீழே போனால் அந்த நேரம் கணக்கில் சேராது. 16 டிகிரிக்கு மேல் ஏறினால், ஏற்கெனவே சேர்ந்ததிலிருந்து கழியும். உதகையின் ஜனவரி இரவு சராசரியாக 5, 6 டிகிரியைத் தொட்டாலும் பகல் 20 டிகிரிக்குப் போகிறது. இரவு சேர்த்ததைப் பகல் வெயில் அழித்துவிடுகிறது. கடும் உறைபனி விழும் நேரமோ கணக்கிலேயே வருவதில்லை. பிறகு இஸ்ரேலில் எரெஸ், ஃபிஷ்மன் ஆகியோர் வெப்பமான நாடுகளுக்கென்று இன்னும் நுட்பமான கணக்குமுறையை உருவாக்கினார்கள். அதிலும் குளிர் சேரும்போது குறுக்கிடும் கடும் பகல்வெப்பம் நட்டமாகவே கருதப்படுகிறது.

சிம்லாவும் ஏறத்தாழ உதகையின் உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே ஜனவரிப் பகல் 10 டிகிரியைச் சுற்றியே நிற்கும். சிம்லாவுக்கு அப்பால் கோட்கரில் சாமுவேல் ஸ்டோக்ஸ் 1916 முதல் அமெரிக்க ஆப்பிள் கன்றுகளை நட்டு வெற்றி கண்டதற்கும், நீலகிரியில் அது கைகூடாததற்கும் இந்தப் பகல்நேரக் குளிர் ஒரு முக்கியக் காரணம்.

குளிர் போதாத மரம் சாவதில்லை, குழம்புகிறது. நுனி மொட்டு மட்டும் விழிக்கும், பக்க மொட்டுகள் உறங்கிக்கொண்டே இருக்கும், கிளை நீளமாக மொட்டையாகப் போகும். எல்லாவற்றையும்விட முக்கியம், பூப்பு இழுத்துக்கொண்டே போகும். பத்துப் பதினைந்து நாளில் முடிய வேண்டிய பூப்பு இரண்டு மாதம் நீண்டால், பாதிப் பூ மழையில் மாட்டிக்கொள்ளும். குளிரின் குறை மழையின் கையில் போய் நோயாக முடிவது இப்படித்தான்.

மழையின் நாட்காட்டி

நீலகிரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளை நனைக்கும். உதகை நடுவில் இருப்பதால் இரண்டிலும் கொஞ்சம் பெற்று, ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் பெறுகிறது. அளவு பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் மேகமும் மூடுபனியும் சாரலும் சேர்ந்து இலையை நாள்முழுதும் உலர விடுவதில்லை. நோய்க்கு வேண்டியது மழையின் அளவு அன்று, இலை நனைந்திருக்கும் நேரம்.

ஆப்பிளின் சொறி நோயை எடுத்துக்கொள்வோம். வெப்பம் 17 முதல் 24 டிகிரிக்குள் இருந்தால் இலை 9 மணி நேரம் நனைந்திருந்தாலே பூஞ்சணம் உள்ளே புகுந்துவிடும். 10 டிகிரியில் 14 மணி நேரம் வேண்டும். இதை 1940களிலேயே அமெரிக்க ஆய்வாளர் மில்ஸ் அட்டவணையாக்கித் தந்தார். ஜூலை மாதத்து உதகையில் 14 மணி நேர ஈரம் அரிதன்று.

ஆண்டில் ஈரம் விலகும் ஒரே இடைவெளி ஜனவரியிலிருந்து மார்ச் வரை. ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை விட்டுவிட்டு வரும். இடையில் வெயிலும் உண்டு. பீச் இந்த இடைவெளியில் கச்சிதமாகப் பொருந்துகிறது: ஆண்டுத் தொடக்கத்தில் பூத்து, ஏப்ரல், மே மாதங்களில் பழுத்துவிடும். பிளம்ஸ் ஜனவரி, பிப்ரவரியில் பூத்து மே, ஜூனில் பழுக்கும். முந்திப் பழுக்கும் வகை தப்பிக்கும், பிந்திய வகை ஜூன் மழையில் வெடித்து அழுகும். பேரி வேறு வழியைப் பிடித்துக்கொண்டது. அதன் காய் மழை மாதங்களில்தான் முற்றுகிறது. ஆனால் நாட்டுப் பேரியின் தடித்த தோலும் நறநறவென்ற சதையும் மழையைப் பொருட்படுத்துவதில்லை. மெல்லிய தோலுள்ள வில்லியம் பேரி இங்கே அந்த அளவுக்குப் பரவாததும், சீன மணற்பேரியின் கலப்பில் பிறந்த கீஃபர் பரவியதும் தற்செயல் என்று தோன்றவில்லை.

ஆப்பிள் விவாதம்

ஆப்பிளை அப்படியே கைவிட வேண்டியதில்லை என்பவர்களின் வாதமும் வலுவானது. குறைந்த குளிரில் காய்க்கும் வகைகள் இன்று கிடைக்கின்றன. 'அன்னா' இஸ்ரேலில் உருவானது. அதற்கு 200, 300 மணி நேரக் குளிர் போதும். 'டார்செட் கோல்டன்' பஹாமாஸ் தீவில் கிடைத்தது. இமாச்சலத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், வெப்பமான தாழ்நிலத்தில், விவசாயி ஹரிமன் சர்மா கண்டெடுத்த 'எச்.ஆர்.எம்.என்-99' நாடு முழுவதும் நட்டுப் பார்க்கப்படுகிறது. 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் உள்ள 'பத்து' என்ற மலைப்பகுதி இன்னும் துணிச்சலான சான்று. பூமத்திய ரேகைக்கு எட்டு டிகிரி தெற்கே, கடும் குளிரே இல்லாத இடத்தில், ஆண்டுக்கு இரண்டு முறை ஆப்பிள் அறுக்கிறார்கள். அறுவடை முடிந்த சில வாரங்களில் மரத்தின் இலை முழுவதையும் கையாலேயே உருவிவிடுவார்கள். கிளைகளை வளைத்துக் கட்டுவார்கள். மொட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகுமுன் எழுப்பப்பட்டுவிடுவதால் அதற்குக் குளிரே தேவைப்படுவதில்லை. ஓரிரு மரம் வைத்திருக்கும் வீட்டுக்காரர் செய்து பார்க்கக்கூடிய உத்தி இது. பூக்கவைக்கும் ஹைட்ரஜன் சயனமைடு போன்ற ரசாயனங்களுக்கு வீட்டில் இடமில்லை. ஹைட்ரஜன் சயனமைடு நச்சு; ஐரோப்பிய ஒன்றியம் அதன் பயன்பாட்டை விலக்கிவிட்டது.

எனினும் ஆப்பிள் விவாதத்தில் ஒரு முடிச்சு அவிழாமல் கிடக்கிறது. சொறி நோயைத் தாங்கும் ஆப்பிள் வகைகளும் உண்டு. 1970இல் வெளியான 'பிரைமா', 1978இல் வந்த 'லிபர்டி' போன்றவை அமெரிக்காவின் ஈரமான பகுதிகளுக்காகவே ஒரு ஜப்பானியக் காட்டு ஆப்பிளின் எதிர்ப்புத்திறனைச் சேர்த்து உருவாக்கப்பட்டவை. மழை ஓயாத சியாட்டில் பக்கத்து வீடுகளுக்கு இவ்வகை மரங்கள்தான் பரிந்துரை. ஆனால் லிபர்டிக்கு வேண்டிய குளிர் நீலகிரியில் இல்லை. குறைந்த குளிரில் காய்க்கும் அன்னாவோ வறண்ட நாட்டில் பிறந்தது. சொறி நோயைத் தாங்கும் திறனை அதில் யாரும் தேடிச் சேர்க்கவில்லை. நமக்கு வேண்டிய இரண்டு குணமும் ஒரே மரத்தில் சேரும்வரை, மலை வீட்டில் ஆப்பிள் என்பது அக்கறையோடு பார்த்துக்கொள்ள வேண்டிய ஒற்றை மரம். தோட்டத்தின் அடித்தளமாக அதை வைக்க முடியாது.

எந்த உயரத்துக்கு எந்த மரம்

உதகையைப் போல 2,000 மீட்டருக்கு மேலான இடங்களில் பேரியும் பிளம்ஸும் முதல் தேர்வு. பிளம்ஸில் ரூபியோ, ஹேல், காவியோட்டா, கெல்சி ஆகிய வகைகள் மலையில் நெடுநாளாகப் பழகியவை. ஜப்பானிய வகைப் பிளம்ஸ் பெரும்பாலும் தன் மகரந்தத்தால் காய் பிடிக்காது. இரண்டு வேறு வகைகளை நட வேண்டும், அல்லது பக்கத்து வீட்டில் வேறு வகை இருக்க வேண்டும். இடம் சிறிதென்றால் ஒரே மரத்தில் இரண்டு வகைகளை ஒட்டுக்கட்டிக்கொள்ளலாம். பீச்சுக்கு இந்தச் சிக்கல் இல்லை. தனி மரமே காய்க்கும். 'ஃப்ளோரடாசன்' போன்ற புளோரிடா வகைகளுக்குக் குளிரும் குறைவாகப் போதும்.

பள்ளத்தில் வீடு இருந்தால் ஓர் எச்சரிக்கை. கனத்த குளிர்காற்று இரவில் சரிவிறங்கிப் பள்ளத்தில் தேங்கும். உறைபனி அங்கேதான் விழும். ஜனவரியில் பூக்கும் பீச்சை அங்கே நட்டால் பூ கருகும். சரிவின் நடுப்பகுதியே நல்ல இடம்.

குன்னூர், கோத்தகிரியின் கீழ்ச்சரிவு, கொடைக்கானலுக்குக் கீழே பண்ணைக்காடு, தாண்டிக்குடி போன்ற இடங்களில் வெண்ணெய்ப்பழம் பெரிய வாய்ப்பு. தடியன்குடிசை நிலையம் வெளியிட்ட 'டி.கே.டி.1' இந்த மண்ணுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டது. வெண்ணெய்ப்பழத்தின் பூ விந்தையானது: ஒரு பிரிவு மரங்களில் காலையில் பெண்ணாக விரிந்த பூ மூடி, மறுநாள் பிற்பகல் ஆணாக விரியும். மற்றப் பிரிவில் பிற்பகல் பெண், மறுநாள் காலை ஆண். இரண்டு பிரிவிலும் ஒவ்வொன்று அருகருகே இருந்தால் காய்ப்பு கூடும். ஆனால் இந்த மரத்துக்கு உறைபனியும் ஆகாது, வேரில் நிற்கும் நீரும் ஆகாது.

பெர்சிமன் இன்னும் போதிய கவனம் பெறவில்லை என்பது என் கருத்து. குளிர்த் தேவை குறைவு, பெரிய நோய்த்தொல்லை இல்லை, இலையும் பழமும் அழகு. துவர்ப்பு வகையைப் பறித்து வாழைப்பழத்தோடு மூடி வைத்தால் துவர்ப்பு நீங்கிக் குழைந்துவிடும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவருக்கு மரத்தக்காளி: நட்ட இரண்டாம் ஆண்டிலேயே காய்க்கும். ஆயுள் குறைவு என்பதால், பெரிய மரங்கள் வளரும்வரை இடைவெளியை நிரப்ப அது ஏற்றது. வேலியில் ஊதாநிற பேஷன் ஃப்ரூட் கொடியை ஏற்றலாம். சோலை ஓரத்தில் தானாக வளரும் தவிட்டுப்பழத்தையும் ஊசிக்கலாவையும் வீட்டில் யாரும் நடுவதில்லை. இந்த மழையிலேயே பிறந்து வளர்ந்த அவற்றை வேலியோரம் வைத்துப் பார்ப்பதில் நட்டமில்லை.

இலங்கையின் நுவரெலியாவில் ஏறத்தாழ குன்னூரின் உயரம், அதைவிட அதிக மழை. அங்கேயும் வீட்டோரங்களில் நிலைத்திருப்பது பேரிதான்.

வேர்ச்செடியும் வடிகாலும்

கன்று வாங்கும்போது எல்லோரும் மேலே ஒட்டிய வகையின் பெயரைக் கேட்கிறார்கள். கீழே இருக்கும் வேர்ச்செடி எது என்று கேட்பவர் அரிது. ஈரமான இடத்தில் மரத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது வேர்ச்செடி. இங்கிலாந்தின் கிழக்கு மாலிங் நிலையமும் மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் நிலையமும் சேர்ந்து உருவாக்கிய எம்.எம் வரிசை வேர்ச்செடிகள், ஆப்பிள் வேரைத் தாக்கும் கம்பளி அசுவினியைத் தாங்கக் கூடியவை. அவற்றில் எம்.எம்.106 நடுத்தர உயரம் தரும். ஆனால் நீர் தேங்கும் மண்ணில் அடிமரம் அழுகும். எம்.எம்.111 சற்றுப் பெரிய மரமாகும். மோசமான மண்ணையும் பொறுத்துக்கொள்ளும். குட்டை மரம் வேண்டுமென்று எம்.9 வாங்கினால் ஆயுள் முழுவதும் கம்பு ஊன்றித் தாங்க வேண்டும். பருவக்காற்று வீசும் சரிவில் அது ஆபத்து. பேரிக்கு நாட்டுப் பேரியின் வேர் கெட்டியானது. பீச் வேரின் மேல் ஒட்டிய மரங்களுக்கு வடிகால் மிக அவசியம். நீர் நின்ற மண்ணில் பீச் வேர் விரைவில் மூச்சுத் திணறும்.

நடுமுன் ஒரு சோதனை: ஒன்றரை அடி ஆழக் குழி வெட்டி நீரால் நிரப்பி, மறுநாள் பாருங்கள். நீர் நின்றால் அங்கே குழியில் நடாதீர்கள். ஓரடி முதல் இரண்டடி உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நடுங்கள், அல்லது சரிவுக்கு மாறுங்கள். வெண்ணெய்ப்பழத்தையும் எலுமிச்சை இனங்களையும் கொல்லும் வேரழுகல் கிருமி ஈரமண்ணில் நீந்திப் பரவுவது. அது வந்தபின் மருந்து தேடுவதைவிட மேடு கட்டுவது மலிவு. ஒட்டுப்போட்ட முடிச்சு எப்போதும் மண்ணுக்கு மேல் நாலு விரற்கடையாவது இருக்க வேண்டும். கூரைநீர் விழும் இடத்தில் மரம் கூடாது.

கனமழை சுண்ணாம்புச் சத்தை அடித்துப்போவதால் மலைமண் புளித்திருக்கும். தேயிலைக்கு அது பிடிக்கும், பழ மரங்களுக்குப் பிடிக்காது. தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு டோலமைட் தெரிந்த பொருள்தான். மண் பரிசோதனை செய்து அதற்கேற்ப இடலாம். பேரிக்குப் பதினைந்து பதினாறு அடி, பிளம்ஸ், பீச், ஆப்பிளுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று அடி இடைவெளி வேண்டும். கன்று சிறிதாக இருக்கும்போது இது வீண் இடமாகத் தோன்றும். காற்றோட்டத்துக்கு நாம் கொடுக்கும் விலை அது.

உலர்ந்த நாளில் கவாத்து

தேயிலை மலையில் கவாத்து என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. பழ மரத்தில் அதன் நோக்கம் வேறு: மழை நின்றதும் மரம் விரைவில் உலர வேண்டும். நடுத்தண்டைக் குறைத்து, மூன்று நான்கு கிளைகளைச் சுற்றிலும் விரியவிட்டு, நடுவைத் திறந்து வைப்பது பிளம்ஸுக்கும் பீச்சுக்கும் பொருந்தும். பீச் சென்ற ஆண்டு வளர்ந்த கொம்பில்தான் காய்க்கும். எனவே ஆண்டுதோறும் பழையதை வெட்டிப் புதியதைத் தூண்ட வேண்டும். ஆப்பிளும் பேரியும் பல ஆண்டு நிலைக்கும் குறுங்கொம்புகளில் காய்ப்பவை. பீச்சை வெட்டுவதுபோல வெட்டினால் காய்ப்பே போய்விடும்.

எப்போது வெட்டுவது என்பதில் புத்தகங்கள் முரண்படுகின்றன. இங்கிலாந்து நூல்கள் பிளம்ஸைக் கோடையில்தான் வெட்டச் சொல்லும். குளிர்கால ஈரத்தில் வெட்டினால் வெள்ளி இலை நோயின் பூஞ்சணம் காயத்தில் புகும். நம் கையேடுகள் டிசம்பர், ஜனவரி என்கின்றன. மேலுக்கு முரணாகத் தெரிந்தாலும் இரண்டும் சொல்வது ஒன்றுதான்: மரம் உலர்ந்திருக்கும் பருவத்தில் வெட்டு. அங்கே அது கோடை, இங்கே வடகிழக்கு மழை ஓய்ந்த பிறகு. வெளிநாட்டுப் புத்தகத்தில் மாதத்தைப் பார்க்காமல் காரணத்தைப் பார்த்தால் குழப்பம் இருக்காது.

மரப்பட்டையில் படரும் சாம்பல்நிறப் பாசியைப் பார்த்துப் பலர் பதறிச் சுரண்டுகிறார்கள். அது மரத்தை உண்பதில்லை. மரம் மெதுவாக வளர்கிறது, காற்றோட்டம் குறைவு என்பதற்கான அடையாளம் மட்டுமே. சுரண்டும் நேரத்தில் ஒரு குறுக்குக் கிளையை வெட்டினால் பயன் அதிகம்.

மருந்து: எவ்வளவு, எப்போது

மருந்தே வேண்டாம் என்பவர்களும், வாரம் ஒருமுறை அடிக்க வேண்டும் என்பவர்களும் மலையில் இருக்கிறார்கள். வீட்டு அளவில் இரண்டுமே மிகை. சரியான நாளில் ஒருமுறை அடிப்பது, தவறிய நாளில் பத்துமுறை அடிப்பதைவிட மேல். பீச்சின் இலைச்சுருட்டை நோய் இதற்கு நல்ல உதாரணம். மொட்டு வீங்கும் நேரத்து ஈரத்தில்தான் கிருமி நுழைகிறது. இலை சுருண்டு சிவந்த பிறகு அடிக்கும் மருந்து வீண். இலை உதிர்ந்த பின், மொட்டு வீங்குமுன் தாமிர மருந்து அடிக்க வேண்டும். பிரிட்டனில் இதற்கு மருந்தில்லாத வழியும் உண்டு: பீச்சைச் சுவரோடு ஒட்டி வளர்த்து, குளிர்காலத்திலிருந்து வசந்தம் முடியும்வரை மேலே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ சாய்ப்பாக வைத்து மழையைத் தடுப்பார்கள். இலை நனையாவிட்டால் நோய் இல்லை. நம் வீடுகளின் வெயில்படும் சுவரோரம் இதைச் செய்ய எந்தத் தடையும் இல்லை.

தேயிலையின் கொப்புள நோய்க்குத் தாமிர மருந்து அடித்துப் பழகிய ஊர் இது. வீட்டில் போர்டோ கலவை செய்யலாம்: 100 கிராம் மயில்துத்தத்தை 5 லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை 5 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. பளபளப்பான கத்தியை நனைத்து எடுக்கும்போது செந்நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். அன்றைக்கே அடித்துவிட வேண்டும். தாமிரம் மண்ணில் தங்கும் உலோகம் என்பதால் ஆண்டுக்கு ஓரிரு முறையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மருந்தைவிடப் பெரிய வேலை துப்புரவு. உதிர்ந்த இலையில்தான் சொறி நோய் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கிறது. விழுந்த பழத்தில்தான் பழ ஈயின் புழு வளர்கிறது. இலையை வாரி எருக்குழியில் மண்ணோடு மூடுங்கள். விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி ஆழப் புதையுங்கள்.

தேனீ, குரங்கு, கரடி

பூ பூத்தும் காய் இல்லையென்றால் சந்தேகிக்க வேண்டியவற்றுள் ஒன்று தேனீப் பஞ்சம். மழையிலும் கடுங்குளிரிலும் தேனீ கூட்டைவிட்டு வராது. தென்னிந்தியாவில் 1991, 92 வாக்கில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் நாட்டுத் தேனீக் கூடுகளைப் பெருமளவு அழித்தது. பூக்கும் மாதங்களில் பூச்சிக்கொல்லியைத் தொடாமல் இருப்பதும், முடிந்தால் ஒரு தேனீப்பெட்டி வைப்பதும் காய்ப்புக்கு நேரடி உதவி.

பழம் பழுத்தால் விருந்தாளிகள் வருவார்கள். குரங்கு காயையே பறித்து எறியும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடியின் வருகை உயிருக்கே ஆபத்து. பழுத்து விழுந்த பழத்தின் மணமே அதை வாசலுக்கு அழைக்கிறது. இதற்கு முழுத் தீர்வு யாரிடமும் இல்லை. மரத்தை ஏழெட்டு அடிக்குள் அடக்கி வைத்தால் வலை போர்த்தலாம். பேரியை முற்றிய காயாகவே பறித்து வீட்டுக்குள் பழுக்கவைக்கலாம். பேரி அப்படித்தான் நன்றாகவும் பழுக்கும். தரையில் ஒரு பழமும் இரவு தங்கக் கூடாது. தோட்டத் துப்புரவு நோய்க்கும் விலங்குக்கும் ஒரே மருந்தாகிவிடுகிறது.

எதை முதலில் நடுவது

மேலே சொன்னவற்றைத் தொகுத்தால், ஐந்து சென்ட் இடமுள்ள வீட்டுக்கு என் பரிந்துரை வரிசை இது. உதகை உயரத்தில் முதலில் ஒரு பேரி, பிறகு வெவ்வேறு வகையில் இரண்டு பிளம்ஸ், வெயில்படும் சுவரோரம் ஒரு பீச். குன்னூர் உயரத்தில் பேரியோடு பெர்சிமனும், மேடு கட்டி ஒரு வெண்ணெய்ப்பழமும். இவை காய்ப்புக்கு வந்த பிறகு, ஆசை தீர ஓர் ஆப்பிள்.

பருவநிலை மாற்றம் இந்த வரிசையை இன்னும் உறுதிப்படுத்தும் என்றே நினைக்கிறேன். குளிர் குறைந்தால் குளிர் குறைவாகத் தேவைப்படும் மரங்களுக்குத்தான் எதிர்காலம். மழை காலம் தவறிப் பெய்தால், ஈரத்தைத் தாங்கும் பேரிக்கும் பெர்சிமனுக்கும்தான் காய்க்கும் வாய்ப்பு அதிகம்.

நம் நர்சரிகள் கன்றின் கழுத்தில் பழத்தின் பெயரையும் விலையையும் மட்டும் எழுதித் தொங்கவிடுகின்றன. வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: இது எந்த மாதத்தில் பூத்து எந்த மாதத்தில் பழுக்கும்? இதன் வேர்ச்செடி எது? இரண்டுக்கும் பதில் தெரிந்த கடையில் வாங்குங்கள். பதில் தெரியாத இடத்தில் கன்று எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள். முதல் பதிலில் உங்கள் ஊர் மழையின் கணக்கு இருக்கிறது. இரண்டாவதில் உங்கள் மண்ணின் கணக்கு இருக்கிறது. அட்டையில் உள்ள பெயரை மட்டும் பார்த்து வாங்கிய மரத்துக்குப் பிறகு எத்தனை மருந்து அடித்தாலும் அந்தக் கணக்கு நேராவதில்லை.